கண்டாலிக் கீரை: தொட்டியில் வளர்க்கலாம், மருந்தாக வேண்டாம்

கேள்வி: கிழக்கு தில்லி மயூர் விஹாரில் தரைத்தள வீட்டில் இருக்கிறோம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பக்கத்து வீட்டு அக்கா உத்தராகண்ட் மலைப்பகுதியான பௌரி கட்வாலைச் சேர்ந்தவர். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, 'கண்டாலி' என்று சொல்லி ஈரச் சாக்கில் சுற்றிய வேர்க்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது நம் ஊர்ச் செந்தட்டிதான் என்கிறார் என் மாமனார். இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இறங்கும் என்று கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி, துளிர்த்ததும் தினமும் குடிக்கப் போவதாகச் சொல்கிறார். அவருக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. உலோக வால்வு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரைக்கும் மாத்திரை உண்டு. வீட்டில் நான்கு வயது மகன் இருக்கிறான். பின்புறம் சிறிய மண்பாத்தி உள்ளது. அதில் நடலாமா? நம் முறையில் சமைக்க முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நடுவதைப் பற்றிப் பேசும் முன் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேர் துளிர்க்கச் சில வாரம் ஆகும். அதற்குள் அவரிடம் நீங்கள் பேசிவிட வேண்டும்.

உலோக வால்வு வைத்தவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை. இரண்டும் உடலில் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்துத்தான் ரத்தத்தை உறையாமல் வைத்திருக்கின்றன. கண்டாலியில் அந்த வைட்டமின் மிக அதிகம்: வெந்த இலை 100 கிராமில் ஏறத்தாழ 500 மைக்ரோகிராம். இதுவரை சாப்பிடாத ஒருவர் திடீரென்று இதைத் தினமும் சாப்பிடத் தொடங்கினால் மாத்திரையின் வேகம் குறையும்; வால்வில் ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து எழும். கஷாயத்தில் வைட்டமின் கே எவ்வளவு இறங்கும் என்பது இலையின் அளவையும் கொதிக்கும் நேரத்தையும் வடிகட்டும் விதத்தையும் பொறுத்தது. நாளுக்கு நாள் மாறும் அந்த அளவே ஆபத்து. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையை அவர் அவ்வப்போது செய்துகொண்டுதான் இருப்பார். அந்தச் சீட்டையும், இந்தக் கீரையின் பெயரை எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். பாலக்கீரையிலும் இதே வைட்டமின் நிறைய உண்டு. ஆகவே மருத்துவர் கீரையே கூடாது என்று சொல்லாமல், "வாரந்தோறும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லக்கூடும். அந்த அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நானோ, கைப்பேசிச் செய்தியோ அல்ல.

சர்க்கரையும் கொதிப்பும் இறங்கும் என்ற பேச்சுக்கு முழு அடிப்படை இல்லாமல் இல்லை. இந்த இலைக்குச் சிறுநீரைப் பெருக்கும் குணமும், சர்க்கரையைச் சற்றுக் குறைக்கும் குணமும் இருப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதுவேதான் சிக்கல். மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கினால், வயதானவர் காலையில் எழுந்து நடக்கும்போது தலைசுற்றி விழக்கூடும். மாமனார் உங்களைவிட மூத்தவர். "குடிக்கக் கூடாது" என்று மருமகள் சொல்வது வீட்டில் எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் மருத்துவரிடமே அழைத்துப் போகச் சொல்கிறேன். கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோரும் இதை மருந்தாக எடுக்கக் கூடாது.

இனி, இது செந்தட்டியா? இல்லை. உங்கள் மாமனார் தென்காசி வேலியோரங்களில் பார்த்தது, சிறுகாஞ்சொறி என்றும் அழைக்கப்படும் கொடி. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் டிராஜியா இன்வோலுக்ரேட்டா. பக்கத்துச் செடியைச் சுற்றிக்கொண்டு ஏறும். இலைகள் ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி இருக்கும். காய் மூன்று பிளவாக, சுணை மூடியிருக்கும். சித்த மருத்துவத்தில் அதன் வேருக்கு இடம் உண்டு. கண்டாலியோ அர்ட்டிகா என்ற பேரினத்தைச் சேர்ந்த, வேறொரு குடும்பத்துச் செடி. கொடியாகப் படராது, நிமிர்ந்து நிற்கும். தண்டு நாற்பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக, ஓரத்தில் ரம்பப் பல்லுடன் வரும். உத்தராகண்டின் குமாவுன் பகுதியில் இதையே சிசூண் என்பார்கள். தில்லியில் இந்தி பேசுகிறவர்களிடம் 'பிச்சூ காஸ்' என்றால் உடனே புரியும். அர்ட்டிகாவின் சில இனங்கள் இமயமலைச் சரிவுகளில் கலந்தே வளர்கின்றன. வளர்ப்பதிலும் சமைப்பதிலும் அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை.

இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் கெடுதல் சிறியதல்ல. செந்தட்டி வேருக்குச் சொன்ன மருத்துவ குணம் கண்டாலி இலைக்கு ஒட்டப்படுகிறது. கண்டாலியைக் கீரையாகச் சாப்பிடலாம் என்று படித்தவர் ஊருக்குப் போய்ச் செந்தட்டியைப் பறித்து உலையில் போடுகிறார். செந்தட்டியின் சுணைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகமே ஊசியாக இருக்கிறது. அதைக் கீரையாகச் சமைக்க ஒருபோதும் முயல வேண்டாம்.

துளிர் வந்ததும் இன்னொன்றையும் பாருங்கள். இலைகள் எதிரெதிராக இல்லாமல், பெரிதாக, ஆழமாகப் பிளவுபட்டு வந்தால் அது ஜிரார்டினியா என்ற பெருஞ்செடி. நேபாளத்திலும் உத்தராகண்டிலும் அதன் தண்டு நாரிலிருந்து துணி நெய்கிறார்கள். நீலகிரியிலும் அந்த வகை உண்டு. அதன் முட்கள் இன்னும் நீளமானவை, வலியும் கடுமை. குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். சாக்கில் கட்டி அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் வருத்தப்பட மாட்டார், அவருக்கு அந்தச் செடி தெரியும்.

கண்டாலிதான் என்று உறுதியானால், பின்புறப் பாத்தியில் நடாதீர்கள். இதன் வேர் மஞ்சள் நிறக் கயிறாகத் தரைக்கடியில் ஓடும்; ஒரு விரல்கடைத் துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும். மயூர் விஹார் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்கள் பாத்தியின் மறுபக்கம் பெரும்பாலும் பொது நடைபாதையாகவோ குழந்தைகள் விளையாடும் இடமாகவோ இருக்கும். உங்களுக்குக் கீரையாக இருப்பது அங்கே போகும் பிள்ளையின் முழங்காலுக்கு வேதனை. எனவே தொட்டி. 14 அங்குல அகலம், 12 அங்குல ஆழமாவது இருக்கட்டும். வடிகால் துளை கட்டாயம். ஆனால் தொட்டியை நேரே மண்மேல் வைத்தால் துளை வழியாகவே வேர் இறங்கிவிடும். செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள், அல்லது அடியில் தட்டு வையுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த காலம் மிகப் பொருத்தமானது. மலையில் வெயில் காலம் முழுவதும் செழிக்கும் இந்தச் செடிக்குத் தில்லியில் குளிர்காலம்தான் பருவம். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய நடலாம். பாதி தோட்ட மண், பாதி நன்றாக மட்கிய சாண எரு அல்லது மண்புழு உரம். வேரைப் படுக்கை வசமாக வைத்து, இரண்டு விரல் கனத்துக்கு மண் மூடுங்கள். தழைச்சத்தும் ஈரமும் இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்காது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழுகிற இடம் நல்லது. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக அல்ல. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனியில் நாலு நாள் சூரியனே தெரியாவிட்டாலும் வளர்ச்சி மந்தப்படுமே தவிர, செடி சாகாது. விதையிலிருந்து வளர்க்க நினைப்பவர்கள் விதையை மண்ணின்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். விதை நுண்ணியது, முளைக்க வெளிச்சம் வேண்டும், மண்ணுக்குள் புதைத்தால் வராது.

யூரியா போட வேண்டாம். இந்தச் செடி மண்ணிலுள்ள நைட்ரேட்டை இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஈயம் முதலான உலோகங்களையும் அப்படியே இழுக்கும். இதனால்தான் எந்தச் சாக்கடை ஓரத்திலோ, ரயில் பாதை ஓரத்திலோ, யமுனைக் கரையிலோ முளைத்திருப்பதைப் பார்த்து யாரும் பறித்துச் சமைக்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்கிறேன். யமுனையின் வெள்ளச் சமவெளியில் உணவுப் பயிர் வளர்க்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் தடை விதித்ததும், கழிவு கலந்த நீரிலும் மண்ணிலும் விளைவது உணவுக்கு ஆகாது என்பதால்தான். அந்தக் கரையிலிருந்து லாரியில் வரும் மண்ணையும் தொட்டிக்கு வாங்காதீர்கள். மயூர் விஹார் ஆற்றுக்கு மிக அருகில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். இலையிலும் தண்டிலும் உள்ள முடிகள், ஊசி மருந்து ஏற்றும் குழல் போல உள்ளீடற்றவை. நுனி சிலிக்காவால் ஆனது. பட்டதும் ஒடிந்து தோலில் குத்தி, உள்ளிருக்கும் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரட்டோனின் ஆகிய வேதிப்பொருள்களைச் செலுத்திவிடும். எறும்பு கடித்தால் உடலில் ஏறும் ஃபார்மிக் அமிலம்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது இதில் இருக்கிறது, ஆனால் வலிக்கு அது முதன்மைக் காரணம் அல்ல. எரிச்சல் சில நிமிடத்திலிருந்து சில மணி நேரம் இருக்கும். மரமரப்பு மறுநாள் வரைகூட நீடிக்கும்.

பட்டுவிட்டால் தேய்க்கவோ சொறியவோ கூடாது, முடி இன்னும் ஆழமாகப் போகும். ஒட்டும் நாடாவை அந்த இடத்தில் மெல்ல ஒட்டி உரித்தால் முடிகள் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவி, கேலமைன் தடவுங்கள். மலையில் பக்கத்திலேயே வளரும் காட்டுப் பாலக்கின் இலையைக் கசக்கித் தேய்ப்பார்கள். அது குளிர்ச்சி தருவதைத் தவிர வேறு எதுவும் செய்கிறதா என்பதற்குத் திடமான சான்று இல்லை. குழந்தைக்கு அதை முயல வேண்டாம். உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அது அபூர்வம், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைப்பதை மட்டும் நம்ப முடியாது. தொட்டியை அவன் கைக்கு எட்டாத உயரத்தில், கம்பி வலைக்குள் வையுங்கள். நாற்காலி போட்டு ஏற முடியாத இடமாக இருக்கட்டும். அதோடு, பலர் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார்: வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி. பால்கனியைப் பெருக்கித் துடைப்பவர் அவர்தான், தொட்டியை நகர்த்துபவரும் அவர்தான். செடியை அவருக்கு நேரில் காட்டிச் சொல்லுங்கள். தொட்டியில் இந்தியில் எழுதி ஒட்டுங்கள். நான் ஆலோசனைக்குப் போகும் வீடுகளில் அரளிக்கும் கள்ளிக்கும்கூட இதைத்தான் வற்புறுத்துகிறேன். செடியை வளர்ப்பவருக்குத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் இதை வளர்க்கத் தகுந்தது என்று நான் ஏன் சொல்கிறேன் என்றால், கீரையாக இது மிக நல்லது. வெந்த இலை 100 கிராமில் ஏறத்தாழ 480 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் சுமார் 120தான். இரும்புச்சத்து பற்றிச் சொல்லப்படுவது மிகை. வெந்த இலையில் 2 மில்லிகிராமுக்கும் குறைவே. சுவை பாலக்கீரையின் மென்மையும் முருங்கைக்கீரையின் அழுத்தமும் கலந்தது. 11ஆம் நூற்றாண்டில் பிறந்த திபெத்தியத் துறவி மிலரேபா குகைத் தவத்தில் இந்தக் கீரையை மட்டுமே உண்டு கிடந்தார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. அதனால்தான் ஓவியங்களில் அவர் உடல் பச்சையாக இருக்கும்.

பறிக்கும் முறை முக்கியம். செடி ஒரு முழம் உயர்ந்த பிறகு, நுனியிலிருந்து நான்கு அல்லது ஆறு இலைகள் கொண்ட கொழுந்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மெல்லிய துணிக் கையுறையை முள் துளைத்துவிடும். தடித்த ரப்பர் கையுறை போடுங்கள், அல்லது மலைப் பெண்கள் செய்வதைப் போல இடுக்கியால் பிடியுங்கள். வெட்ட வெட்டப் பக்கக் கிளை வெடித்துத் தழையும். பூங்கொத்து தொங்கத் தொடங்கிய செடியிலிருந்து கீரை எடுக்கக் கூடாது. அப்போது இலையில் சுண்ணாம்புத் துகள்கள் சேர்ந்துவிடும். வாயில் நறநறக்கும், சிறுநீர்ப்பாதைக்கும் ஆகாது.

கொழுந்துகளை இடுக்கியாலேயே தண்ணீரில் அலசி, கொதிக்கும் நீரில் போட்டு மூன்று நிமிடம் வேகவிடுங்கள். வெந்த மாத்திரத்தில் முள்ளின் வேலை முடிந்துவிடும். பிறகு வெறுங்கையால் எடுக்கலாம், பிழியலாம், நறுக்கலாம். பச்சையாகச் சாலட்டில் போடுவது, பச்சைச் சாறு எடுப்பது ஆகியவற்றை வீட்டில் செய்ய வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா செய்யும் 'கண்டாலி கா சாக்' எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வேகவைத்ததை அரைத்து, ஊறவைத்து அரைத்த அரிசியைக் கரைத்துச் சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். கடுகெண்ணெயில் பூண்டு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், ஜக்கியா தாளித்துக் கொட்டுவார்கள். இந்த ஜக்கியா வேறொன்றுமில்லை, நம் புஞ்சைகளில் மஞ்சள் பூப் பூத்து நிற்கும் நாய்க்கடுகின் விதை. சோற்றோடும், அவர்கள் ஜங்கோரா என்று சொல்லும் குதிரைவாலியோடும், கேழ்வரகு ரொட்டியோடும் சாப்பிடுவார்கள். நாய்க்கடுகு தில்லியின் வெறுமனைகளிலும் மழைக்காலத்தில் முளைக்கும். விதையை அங்கே நீங்களே சேகரிக்காதீர்கள். அதே மனைகளில் பிரம்மத்தண்டும் வளர்கிறது, அதன் விதை நஞ்சு. 1998இல் இதே தில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மத்தண்டு எண்ணெய் கலந்து பலர் உயிரிழந்தார்கள். ஜக்கியாவைக் கடையில் வாங்குங்கள், அல்லது அக்காவிடம் ஒரு கைப்பிடி கேளுங்கள்.

நம் முறையில் செய்ய, பாசிப்பருப்புக் கூட்டுதான் முதல் தேர்வு. நான்கு பேருக்கு அரை டம்ளர் பருப்பைக் குழைய வேகவையுங்கள். வெந்து பிழிந்து நறுக்கிய கீரை ஒரு கிண்ணம். இதற்குப் பறிக்கும்போது ஒரு பெரிய முறம் நிறைய இலை வேண்டும், வெந்தால் அத்தனை சுருங்கும். தேங்காய், சீரகம், இரண்டு மிளகு, ஒரு காய்ந்த மிளகாய் ஆகியவற்றை அரைத்துச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கித் தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளியுங்கள். தென்காசிக்காரர்களுக்குப் பூண்டும் சின்ன வெங்காயமும் இல்லாமல் கூட்டு ருசிக்காது என்றால் அவையும் சேரட்டும். அடை மாவிலும் நன்றாக இருக்கும். புளி சேர்க்கும் கடைசலில் எனக்கு இது பிடிக்கவில்லை, கீரையின் வாசனையைப் புளி அமுக்கிவிடுகிறது. முதல் தடவை எல்லாரும் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். சிலருக்கு வயிறு கலங்கும். வீட்டில் இந்தக் கீரையைப் பரிமாறும் நாளில் மாமனாருக்கு வேறு காய் செய்துவிடுங்கள், மருத்துவர் அளவு சொல்லும் வரை.

ரோஜாவோ கறிவேப்பிலையோ வைத்திருந்தால், மார்ச்சில் முற்றிய தண்டுகளை வீணாக்க வேண்டாம். ஒரு கிலோ பச்சைச் செடியைத் துண்டாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் ஊறவையுங்கள். தினமும் ஒரு முறை கிளறுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் நுரை அடங்கிவிடும். வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றலாம். நாற்றம் கடுமையாக இருக்கும்; அடுத்த வீட்டுச் சன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள்.

ஏப்ரலில் வெயில் ஏறும்போது செடியைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டு, வடக்குப் பக்கச் சுவரோரம் நிழலில் வையுங்கள். மே, ஜூன் மாதங்களில் மேலே எதுவும் தெரியாது. வேர் காயாமல் இருக்க இரண்டு நாளைக்கு ஒரு முறை சிறிது நீர் விட்டால் போதும். ஜூலை மழையில் தொட்டியைக் கூரைக்குக் கீழே இழுத்துவிடுங்கள், நீர் தேங்கினால் வேர் அழுகும். செப்டம்பர் கடைசியில் மேல்மண்ணைச் சுரண்டி வேரைப் பாருங்கள். மஞ்சளாக, உறுதியாக இருந்தால் புது எருவிட்டுத் தொடருங்கள். கறுத்துக் குழைந்திருந்தால் அக்கா அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இன்னொரு வேர்க்கட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.